ஓவர்கிளாக் செய்யும் முன்: ப்ராசசர் வெப்பநிலையை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஓவர்கிளாக் (ப்ராசசரைத் தயாரிப்பாளர் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) கற்றுத்தரும் வீடியோக்களில் பெரும்பாலும் வோல்டேஜ் பற்றி நிறையப் பேசுவார்கள், மல்டிப்ளையர் (வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கல் எண்) பற்றி நிறையப் பேசுவார்கள், கடைசியில் "டெம்பரேச்சரை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. திரையில் 62 என்று தெரிகிறது, சரி. அது எங்கிருந்து வருகிறது? உண்மையிலேயே 62தானா, அல்லது 72ஐ யாரோ 62 என்று சொல்கிறார்களா? இது தெரியாமல் வோல்டேஜை ஏற்றுவது ஆபத்து. எண்ணைப் பார்க்கவே பார்க்காதவர் பயந்து பயந்தாவது ஏற்றுவார். தவறான எண்ணை நம்புகிறவர் தைரியமாக ஏற்றுவார்.

வீட்டு மேசைக்கணினியில் முதன்முதலாக ஓவர்கிளாக் செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு மாலைப்பொழுது, ஒரு சாதாரண அறை வெப்பமானி, ஒரு நோட்டு, பேனா இருந்தால் போதும்.

அந்த எண் எப்படி வருகிறது

முதலில் இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சோதனைகள் எல்லாம் தானாகப் புரியும்.

இன்டெல் ப்ராசசர்களில், 2006இல் வந்த கோர் டுவோ காலத்திலிருந்து, ஒவ்வொரு கோருக்குள்ளும் (கோர் என்பது ப்ராசசருக்குள் தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி) ஒரு டிஜிட்டல் சென்சார் இருக்கிறது. அது "நான் இப்போது இத்தனை டிகிரி" என்று சொல்வதில்லை. "உச்ச வரம்புக்கு இன்னும் இத்தனை டிகிரி மிச்சம்" என்றுதான் சொல்கிறது. நெடுஞ்சாலை மைல்கல் மாதிரி: திருச்சிக்கு இன்னும் 38 கிலோமீட்டர் என்றுதான் கல்லில் இருக்கும், நீங்கள் எவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. அந்த உச்ச வரம்புக்கு டிஜேமேக்ஸ் என்று பெயர். வரம்பு 100 என்றால், சென்சார் 38 என்று சொன்னால், மென்பொருள் கழித்துப் பார்த்து 62 என்று காட்டுகிறது. ஆக, நீங்கள் பார்க்கும் 62 ஒரு கணக்கின் விடை. கழிக்கப்பட்ட 100 தவறு என்றால் விடையும் தவறு.

இது கற்பனைக் கவலை அல்ல. கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் காலத்து மேசைக்கணினி ப்ராசசர்களில் அந்த டிஜேமேக்ஸை மென்பொருள் படித்தறிய வழியே இல்லை. மென்பொருள் எழுதியவர்கள் ஊகித்தார்கள். அதனால் ஒரே ப்ராசசருக்கு ஒரு மென்பொருள் 95ஐ வைத்துக் கழித்தது, இன்னொன்று 105ஐ வைத்துக் கழித்தது. இரண்டுக்கும் 10 டிகிரி வித்தியாசம், இரண்டில் எது சரி என்று நீண்ட சண்டை. 2008 இறுதியில் வந்த முதல் கோர் ஐ7இல்தான் அந்த எண்ணை ப்ராசசரே சொல்லும் வசதி வந்தது. பழைய கணினியை வாங்கி விளையாடிப் பார்க்க நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கவும். அந்தத் தலைமுறையில் வெப்பநிலை எண்ணை விட "மிச்சம் எத்தனை" என்ற எண்தான் நேர்மையானது.

இன்னொரு விஷயம். இந்த சென்சார்கள் ப்ராசசரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டவை. சூடு வரம்பை நெருங்கும் இடத்தில் அவை துல்லியமாக இருக்க வேண்டும், இருக்கின்றன. 35 டிகிரியில் துல்லியமாக இருந்து யாருக்கும் லாபமில்லை. இன்டெல் தன் தொழில்நுட்ப ஆவணங்களில் கொடுக்கும் பிழை அளவே கூட்டல் கழித்தல் 5 டிகிரி. எனவே "எனக்கு ஐடிலில் (கணினி சும்மா இருக்கும்போது) 31, நண்பனுக்கு 35" என்று ஒப்பிட்டுக் கவலைப்படுவதில் பொருளே இல்லை.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. அங்கே டிசிடிஎல் என்று ஓர் எண் உண்டு. அது முதலில் வந்தபோதே, இயற்பியல் வெப்பநிலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கூலிங்கைக் கட்டுப்படுத்துவதற்கான ஓர் அளவுகோல் என்று ஏஎம்டி ஆவணங்கள் சொல்லின. 2017இல் முதல் ரைசன் வந்தபோது 1700எக்ஸ், 1800எக்ஸ் வாங்கியவர்கள் பதறிப்போனார்கள். நல்ல கூலர் போட்டும் சும்மா இருக்கும்போதே 55, 60 என்று காட்டியது. பிறகுதான் தெரிந்தது: ஃபேன் எல்லா மாடலிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதற்காக அந்த மாடல்களில் டிசிடிஎல்லோடு 20 டிகிரியைக் கூட்டி வைத்திருந்தார்கள். சாதாரண 1700இல் அந்தக் கூட்டல் இல்லை. 2700எக்ஸில் 10 டிகிரி. முதல் தலைமுறை த்ரெட்ரிப்பரில் 27. கூட்டியதைக் கழித்தால் வருவதுதான் டிடை, அதாவது சில்லின் உண்மையான சூடு. இன்றைய மென்பொருள்கள் இதைத் தாமாகவே கழித்துக் காட்டுகின்றன. ஆனால் பழைய பதிப்பை வைத்துக்கொண்டு, அந்தக் காலத்து ரைசனைப் பார்த்தால் 20 டிகிரி பொய்யாகத் தெரியும்.

அதற்கும் முந்தைய எஃப்எக்ஸ் ப்ராசசர்களில் எதிர்ப்பக்கக் கோளாறு. சும்மா இருக்கும்போது அறையை விடக் குளிர்ச்சியாகக் காட்டும். ஏஎம்டியே தன் ஓவர்டிரைவ் மென்பொருளில் வெப்பநிலைக்குப் பதில் "தெர்மல் மார்ஜின்", அதாவது மிச்சம் எத்தனை என்பதைக் காட்டத் தொடங்கியதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஏஎம்2+ சாக்கெட்டில் வந்த, இன்னும் பழைய ஃபீனம் ப்ராசசர்களில் சென்சார் கோளாறு வெளிப்படையாகவே ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்று. லினக்ஸில் உள்ள கே10டெம்ப் டிரைவர் அந்த ப்ராசசர்களில், நீங்கள் வற்புறுத்தினாலொழிய, எண்ணைக் காட்டவே மறுத்துவிடும். தெரியாததைச் சொல்வதை விடச் சும்மா இருப்பது மேல் என்று ஒரு டிரைவர் நடந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

எந்த வரியைப் பார்ப்பது

விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் போதும், சென்சார் மட்டும் பார்க்கும் முறையில் திறக்கவும். லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ். திறந்தவுடன் பத்துப் பதினைந்து வெப்பநிலை வரிகள் கொட்டும். புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று ப்ராசசருக்குள் இருந்து வருபவை: இன்டெலில் ஒவ்வொரு கோரின் வெப்பநிலை, "சிபியூ பேக்கேஜ்", "டிஸ்டன்ஸ் டு டிஜேமேக்ஸ்"; ஏஎம்டியில் "டிசிடிஎல்/டிடை", புதியவற்றில் "சிசிடி1" (கோர்கள் உள்ள சில்லுத்துண்டு) போன்றவை. நமக்கு வேண்டியது இவை மட்டும்தான்.

இன்னொரு கூட்டம் மதர்போர்டில் உள்ள கண்காணிப்புச் சில்லிலிருந்து வருவது. நுவோட்டான், ஐடிஇ போன்ற நிறுவனங்களின் சில்லுகள் அவை. மதர்போர்டு தயாரிப்பாளர் அந்தச் சில்லின் எந்தக் காலில் எதை இணைத்தார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம். எதுவுமே இணைக்காமல் விட்ட கால்கூட ஏதோ ஓர் எண்ணைக் காட்டும். அதனால்தான் "ஆக்ஸ்டின்" என்ற பெயரில் 127 டிகிரி என்றோ, பூஜ்யத்துக்குக் கீழே 60 என்றோ தெரிந்து, கணினி எரியப்போகிறது என்று பயப்படுகிறார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம். "சிபியூ" என்று மட்டும் பெயர் வைத்திருக்கும் மதர்போர்டு வரியையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். சில போர்டுகளில் அது ப்ராசசரின் எண்ணையே வாங்கிக் காட்டும், சிலவற்றில் சாக்கெட்டுக்கு அருகில் உள்ள சென்சாரின் சூட்டைக் காட்டும், சிலவற்றில் இரண்டுமில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கண்காணிப்பு மென்பொருள்களைத் திறந்து வைக்காதீர்கள். மதர்போர்டுடன் வந்த கட்டுப்பாட்டு மென்பொருளும், விளக்குகளை மாற்றும் மென்பொருளும்கூட இதில் சேரும். எல்லாம் ஒரே சில்லிடம் ஒரே நேரத்தில் கேள்வி கேட்டால் இடையிடையே அபத்தமான எண்கள் வரும். ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறக்கவும்.

தொடங்கும் முன் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்

பயாஸில் (விண்டோஸ் எழும் முன் வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய் டிஃபால்ட் அமைப்புகளை ஏற்றுங்கள். அத்தோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பல மதர்போர்டுகளில் "டிஃபால்ட்" என்பதே ஒருவகை ஓவர்கிளாக்தான். மல்டிகோர் என்ஹான்ஸ்மென்ட் என்ற பெயரிலோ வேறு பெயரிலோ, இன்டெல் சொன்ன வாட் வரம்பைத் தூக்கிவிட்டு ஓட விடுவார்கள். அதைத் தேடிப்பிடித்து அணைக்கவும். ஏஎம்டியில் அதேபோல் வரம்பைத் தாண்டி ஓட விடும் பிபிஓ என்ற வசதியை அணைக்கவும். இல்லாவிட்டால் நீங்கள் அளக்கப்போகும் அடிப்படை அளவே அடிப்படையாக இருக்காது.

அடுத்தது ஃபேன். தானாக வேகம் மாறுவதை நிறுத்தி, ஒரே வேகத்தில், சுமார் 70 சதவீதத்தில் வைக்கவும். இது மிக அவசியம். ஃபேன் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கினால் கீழே வரும் கணக்கு எதுவும் பொருந்தாது. திரவக் கூலர் என்றால் பம்ப்பையும் ஒரே வேகத்தில் வைக்கவும்.

அறை வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல், கேஸின் முன்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தருகே வைக்கவும். ப்ராசசருக்கு "அறை" என்பது அந்தக் காற்றுதான்.

குளிர்ந்த நிலையில் ஒரு பார்வை

இரவு முழுக்க அணைந்திருந்த கணினியைக் காலையில் இயக்கி, விண்டோஸ் முழுதாக எழும்பி அடங்கும்வரை ஐந்து நிமிடம் விட்டு, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அறை 30 டிகிரி என்றால், காற்றாலோ சாதாரண திரவக் கூலராலோ குளிர்விக்கப்படும் எந்த ப்ராசசரும் 30க்குக் கீழே போக முடியாது. 26 என்று காட்டினால் சென்சார் கீழ்ப்பகுதியில் பொய் சொல்கிறது என்று அர்த்தம். அதற்காக உடனே எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டாம். மேலே சூடான பகுதியில் அது சரியாக இருக்கலாம். குறித்துக்கொண்டு அடுத்த சோதனைக்குப் போகலாம்.

பயாஸ் திரையில் தெரியும் எண் விண்டோஸில் தெரிவதை விட அதிகமாக இருக்கும். பலர் இதைக் கோளாறு என்று நினைக்கிறார்கள். பயாஸில் ப்ராசசர் தூங்குவதில்லை, மின்சிக்கன நிலைகள் வேலை செய்வதில்லை, அதனால் சூடு அதிகம். அது இயல்பு.

ரைசன் 3000க்குப் பிறகு வந்தவற்றில் இன்னொரு விநோதம்: சும்மா இருக்கும்போதே எண் 38, 51, 40, 53 என்று குதித்துக்கொண்டே இருக்கும். சின்ன வேலை வந்தாலும் ஒரு கோர் உடனே முழு வேகத்துக்கு எழுந்து அடங்குவதால் வருவது இது. கண்காணிப்பு மென்பொருள் அடிக்கடி கேள்வி கேட்பதே அந்தக் கோரை எழுப்பிவிடும் என்று 2019இல் ஏஎம்டி விளக்கம் கொடுத்தது. ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் 2 விநாடிக்கு ஒருமுறை படிக்கும்படி விட்டு, சராசரி என்ற பத்தியைப் பாருங்கள்.

லோடு கொடுத்து, எண் எப்படி நகர்கிறது என்று பார்த்தல்

என்னைக் கேட்டால் இத்தனை சோதனைகளில் இது ஒன்றுதான் அதிகம் சொல்லும். எண்ணின் மதிப்பை விட, அது நகரும் விதம்தான் சென்சாரின் நம்பகத்தைக் காட்டிக்கொடுக்கும்.

பிரைம்95 என்ற சோதனை மென்பொருளைத் திறந்து, ஸ்மால் எஃப்எஃப்டி சோதனையைத் தேர்ந்தெடுங்கள். இது ஒரே சீரான லோடு (வேலைச்சுமை) தருவதால் அளவெடுக்க நல்லது. கேம்கள் இதற்கு உதவாது, லோடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ப்ராசசரை இன்னும் அதிகமாகச் சூடாக்கும் ஏவிஎக்ஸ் கட்டளைகளை அணைத்துவிட்டுத் தொடங்குவது பாதுகாப்பு. ஹெச்டபிள்யூஇன்ஃபோ ஜன்னல் கண்ணெதிரே இருக்கட்டும். இப்போது தொடங்கும் பொத்தானை அழுத்துங்கள்.

ஒழுங்கான சென்சார் என்றால் இப்படி நடக்கும்: 39இல் இருந்த கோர் அடுத்த வாசிப்பிலேயே 63, 64க்குப் பாயும். சில் மிகச் சிறியது, அதன் சூட்டைத் தாங்கி வைக்க அதனிடம் எடையே இல்லை, அதனால் இந்தப் பாய்ச்சல். அதன்பின் கூலரின் உலோகம் மெல்லச் சூடாக ஆக, 66, 68, 69 என்று நிதானமாக ஏறி, சில நிமிடங்களில் 71இல் நின்றுவிடும். திரவக் கூலரில் இந்த இரண்டாவது ஏற்றம் இருபது முப்பது நிமிடம்கூட நீளும், ஏனென்றால் உள்ளே உள்ள திரவம் முழுவதும் சூடாக வேண்டும். பிறகு சோதனையை நிறுத்தினால், எண் ஓரிரு விநாடியில் 45க்கு விழுந்து, அங்கிருந்து மெதுவாகப் பழைய இடத்துக்கு இறங்கும். பாய்ச்சல், நிதான ஏற்றம், நிலைநிற்றல், வீழ்ச்சி. இந்த நான்கும் தெரிந்தால் நீங்கள் பார்ப்பது உண்மையான கோர் சென்சார்தான்.

பொத்தானை அழுத்தியும் எண் பாயாமல் ஒவ்வொரு டிகிரியாக ஊர்ந்தால், நீங்கள் பார்ப்பது மதர்போர்டு சென்சார். வரியை மாற்றுங்கள். எல்லாக் கோரும் பாய, ஒன்று மட்டும் 44இலேயே அசையாமல் நின்று, பின்பு திடீரென மற்றவற்றோடு சேர்ந்துகொண்டால், அந்த சென்சார் கீழ்ப்பகுதியில் சிக்கிக்கொள்ளும் வகை. 45 நானோமீட்டர் கோர் 2 ப்ராசசர்களில் இது சகஜம். அசைய ஆரம்பித்த பிறகு மற்ற கோர்களோடு ஒத்துப்போனால் பயன்படுத்தலாம். முழு லோடிலும் அசையவே இல்லையென்றால் அந்தக் கோரின் எண்ணை மறந்துவிட்டு மற்றவற்றை வைத்து முடிவெடுக்க வேண்டியதுதான்.

லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபேன் வேகத்தை 70லிருந்து 45 சதவீதமாகக் குறைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் எண் சில டிகிரியாவது ஏறி, வேகத்தைக் கூட்டினால் திரும்ப இறங்க வேண்டும். ஏறவே இல்லையென்றால் இரண்டில் ஒன்று: சென்சார் பொய், அல்லது கூலருக்குச் சூடே போய்ச்சேரவில்லை.

இந்த இரண்டாவது வாய்ப்பைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். கோர் 95 காட்டுகிறது, கூலரின் உலோகத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது என்றால், "சென்சார் கெட்டுவிட்டது" என்றுதான் பலர் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் சென்சார் சொல்வதுதான் உண்மை. கூலரின் ஒரு மூலை சரியாகப் பூட்டவில்லை, அல்லது அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டிவிட்டார்கள். கழற்றிப் பார்த்தால் அந்தத் தாள், ப்ராசசருக்கும் கூலருக்கும் இடையே பூசும் பேஸ்ட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். சென்சாரைச் சந்தேகிக்கும் முன் கூலரைச் சந்தேகியுங்கள்.

வாட் கணக்கு

கொஞ்சம் கணக்குப் போட வேண்டிய இடம் இது, ஆனால் பலன் பெரிது. ஃபேன் ஒரே வேகத்தில் இருக்கும்போது, அறையை விட ப்ராசசர் எத்தனை டிகிரி அதிகம் என்பது அது உண்ணும் வாட்டுக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் இருக்கும். வாட் இரட்டிப்பானால் அந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

பயாஸில் இன்டெல் என்றால் பிஎல்1, பிஎல்2 என்ற வாட் வரம்புகளையும், ஏஎம்டி என்றால் பிபிடி என்ற வாட் வரம்பையும் மாற்றி, மூன்று வாட் அளவுகளில் அதே பிரைம்95ஐ ஓட்டுங்கள். ஒவ்வொன்றிலும் எண் நிலைநிற்கும்வரை காத்திருந்து குறிக்கவும். ஒரு மாதிரிக் கணக்கு: அறை 32. 45 வாட்டில் 51, அதாவது 19 டிகிரி அதிகம். 65 வாட்டில் 60, அதாவது 28. 45க்கும் 65க்கும் இடையே 20 வாட்டுக்கு 9 டிகிரி, ஒரு வாட்டுக்கு 0.45. அப்படியானால் 105 வாட்டில் 60ஓடு இன்னும் 18 சேர்ந்து 78 வர வேண்டும். 76இலிருந்து 80க்குள் வந்தால் உங்கள் சென்சார் நேர்க்கோட்டில் நடக்கிறது. 67 என்று வந்தால் எங்கோ ஒன்று பொய் சொல்கிறது.

அது வெப்பநிலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, வாட்டாகவும் இருக்கலாம். சில ஏஎம்4 மதர்போர்டுகள் ப்ராசசரிடம் மின்னோட்டத்தைக் குறைத்துச் சொல்லி, அதைக் கூடுதல் வேகத்தில் ஓட வைத்தது 2020இல் வெளியே வந்தது. அப்போது ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் "பவர் ரிப்போர்ட்டிங் டீவியேஷன்" என்ற வரியைச் சேர்த்தார்கள். எல்லாக் கோரும் முழு லோடில் இருக்கும்போது மட்டும் அதைப் பார்க்கவும். 100 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நேர்மை. 70 என்று இருந்தால் போர்டு வாட்டைக் குறைத்துச் சொல்கிறது, உண்மையில் ப்ராசசர் உண்பது அதைவிட அதிகம். சுவர் ப்ளக்கில் மாட்டும் வாட் மீட்டர் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நல்லது. ஐடிலுக்கும் லோடுக்கும் உள்ள வித்தியாசம், பவர் சப்ளையில் வீணாவது போக, மென்பொருள் காட்டும் வித்தியாசத்தோடு ஓரளவு ஒத்துப்போக வேண்டும்.

இன்ஃப்ராரெட் துப்பாக்கி வெப்பமானியால் ப்ராசசரை அளக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வேண்டாம். ப்ராசசர் கூலருக்கு அடியில் மறைந்திருக்கிறது, பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி தவறாகத்தான் காட்டும்.

கோருக்குக் கோர் வித்தியாசம்

எல்லாக் கோரும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடுவில் உள்ள கோர் ஓரத்தில் உள்ளதை விடச் சூடாகும், ஒவ்வொரு சென்சாருக்கும் தன் பிழை உண்டு. முழு லோடில் 5 முதல் 10 டிகிரி வரை வித்தியாசம் இயல்பு. 12ஆம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெலில் பி-கோரை (வேகத்துக்கான பெரிய கோர்) பி-கோரோடு மட்டும் ஒப்பிடவும், இ-கோர்கள் (மின்சிக்கனத்துக்கான சிறிய கோர்கள்) பெரும்பாலும் குளிர்ச்சியாகவே இருக்கும்.

வித்தியாசம் 15, 20 என்று போனால் கூலரைக் கழற்றி, பேஸ்ட்டைத் துடைத்து, புதிதாகப் போட்டு, முடிந்தால் கூலரை 180 டிகிரி திருப்பி மாட்டவும். சூடான கோர் இடம் மாறினால் குற்றம் கூலர் பொருந்திய விதத்தில். இடம் மாறாமல் அதே கோர்தான் சூடு என்றால் அது அந்தச் சில்லின் குணம், அல்லது அந்த சென்சாரின் பிழை. எதுவாக இருந்தாலும், ஓவர்கிளாக் செய்யும்போது அந்தக் கோரின் எண்ணையே உங்கள் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். "அது பொய்யாகத்தான் இருக்கும்" என்று ஒதுக்கிவிட்டு அடுத்த கோரைப் பார்ப்பது நம்மை நாமே ஏமாற்றுவது.

வரம்பு வேலை செய்கிறதா

கடைசிச் சோதனை, பாதுகாப்பு அமைப்பு உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்பது. 100 டிகிரிவரை சூடேற்றிப் பார்க்கத் தேவையில்லை, வரம்பையே கீழே இறக்கலாம். ஏஎம்டியில் பிபிஓ பகுதியில் தெர்மல் த்ராட்டில் வரம்பை (சூட்டைக் கட்டுப்படுத்த வேகம் குறையத் தொடங்கும் இடம்) 70க்கு வைக்கவும். இன்டெலில் டிசிசி ஆஃப்செட்டை (வரம்பை எத்தனை டிகிரி இறக்குவது என்ற அமைப்பு) 30 என்று வைத்தால், வரம்பு 100 உள்ள ப்ராசசர் 70இல் தடுக்கப்படும். எல்லா போர்டிலும் இந்த வசதி இருக்காது, இல்லையென்றால் இந்தப் படியை விட்டுவிடலாம்.

இப்போது லோடு கொடுத்தால், எண் 70ஐ ஒட்டி நின்று, வேகம் இறங்க வேண்டும். ஹெச்டபிள்யூஇன்ஃபோவில் தெர்மல் த்ராட்டிலிங் வரி "யெஸ்" என்று மாற வேண்டும். மாறினால், நீங்கள் படிக்கும் எண்ணும் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ளப் பயன்படுத்தும் எண்ணும் ஒன்றே. எண் 70 என்பது துல்லியமாக 70தான் என்று இது நிரூபிக்காது, ஆனால் ஆபத்து நேரத்தில் தடுப்பு விழும் என்பது உறுதியாகும். சோதனை முடிந்ததும் வரம்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோக மறக்க வேண்டாம்.

எவ்வளவு இடம் விடுவது

உங்கள் ப்ராசசரின் வரம்பை அதன் தயாரிப்பாளர் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும். 13900கேவுக்கு 100. ரைசன் 5600எக்ஸுக்கு 95, ஆனால் அதே குடும்பத்தின் 5800எக்ஸுக்கு 90. 7800எக்ஸ்3டிக்கு 89 மட்டுமே. 7950எக்ஸ் போன்றவை முழு லோடில் 95ஐத் தொட்டு அங்கேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை, அதில் 95 தெரிந்தால் பழுது அல்ல.

அந்த வரம்பிலிருந்து முதலில் சென்சார் பிழைக்காக 5ஐக் கழியுங்கள். அடுத்தது நம் ஊர்ப் பிரச்சினை. இணையத்தில் நீங்கள் படிக்கும் பெரும்பாலான சோதனைகள் 21 முதல் 25 டிகிரி அறையில் செய்யப்பட்டவை. மார்கழி இரவில் 25 டிகிரியில் நீங்கள் சரிபார்த்த ஓவர்கிளாக், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் சித்திரை மதியம் 37 டிகிரியைச் சந்திக்கும். அறை 12 டிகிரி கூடினால் ப்ராசசரும் ஏறக்குறைய 12 கூடும். கேம் ஆடும்போது கிராஃபிக்ஸ் கார்டு கேஸுக்குள் கொட்டும் சூடு தனி. எனவே 100 வரம்புள்ள ப்ராசசருக்கு, 25 டிகிரி அறையில், மிகக் கடுமையான லோடில், 80ஐத் தாண்ட விடாமல் நிறுத்துவதுதான் என் ஆலோசனை. சித்திரை மதியத்திலேயே சோதிக்கிறீர்கள் என்றால் 90 வரை போகலாம்.

இதெல்லாம் சரியாக இருந்தும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வெப்பநிலை சரியாக இருப்பதால் வோல்டேஜ் சரி என்று ஆகாது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக்கணினி ப்ராசசர்கள் நிலைகுலைந்தபோது, இன்டெல் சொன்ன காரணம் அளவுக்கு மீறிய வோல்டேஜ். அதைச் சரிசெய்ய, பயாஸ் வழியாக ப்ராசசருக்குள் ஏற்றப்படும் மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன. 2023இல் ரைசன் 7000எக்ஸ்3டிகள் சாக்கெட்டோடு கருகியபோது ஏஎம்டி செய்தது எஸ்ஓசி வோல்டேஜை (ப்ராசசரில் கோர்கள் அல்லாத பகுதிக்குப் போகும் வோல்டேஜ்) 1.3 வோல்ட்டுக்குள் கட்டியது. இரண்டிலும், வெப்பநிலை வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு முன்னெச்சரிக்கை கிடைத்திருக்காது. அந்தத் தலைமுறை இன்டெல் உங்களிடம் இருந்தால், ஓவர்கிளாக் பற்றி யோசிக்கும் முன் புதிய பயாஸ் ஏற்றியாகிவிட்டதா என்று பாருங்கள்.

பயாஸ் புதுப்பித்தால், கூலரைக் கழற்றி மாட்டினால், ப்ராசசரை மாற்றினால், லோடு சோதனையையும் வாட் கணக்கையும் மறுபடி ஒருமுறை செய்து நோட்டில் உள்ள பழைய எண்களோடு ஒப்பிடவும். அதே வாட்டில், அதே ஃபேன் வேகத்தில், அறையை விட உள்ள வித்தியாசம் 5 டிகிரிக்கு மேல் மாறியிருந்தால், காரணம் தெரியும்வரை ஓவர்கிளாக்கை எடுத்துவிட்டு டிஃபால்ட்டில் ஓட்டுங்கள்.